சான்றுப்பொருள்: இரண்டு கட்டைகள்

அட்டன் நீதவான் மன்றம். செவ்வாய், பத்தே முக்கால்.
வெளியே மழை.
உள்ளே பொலித்தீன் பைக்குள்
பெருவிரல் நகமளவில் இரண்டு கட்டைகள்.
தேயிலை வேரில் செதுக்கியவை.
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்திய புள்ளிகள்;
நாலில் ஒரு புள்ளி வழுக்கி
ஓரத்துக்குப் போயிருந்தது.

'தாது கெட்ட' என்கிறார் சார்ஜன்ட்.
சிங்களத்தில் அதுதான் சரியான சொல்.
தமிழ்க் காதில் விழுந்ததும்
எங்கோ ஒரு பூவில் தாது கெட்டுப்போகிறது.
நான் மொழிபெயர்க்க வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.

சூது என்றால் நால்வருக்கும் தண்டனை உறுதி.
கவறு என்றால் எனக்கு மட்டும் விளங்கும்.
(கவறு உருண்ட இடத்துக்கு அன்று கழகம் என்று பெயர்.
எனக்குப் பட்டம் தந்ததும் ஒரு கழகம்தான்;
அதை நான் மன்றில் சொல்வதில்லை.)
பகடை என்றே இருக்கட்டும் என்று வாய் திறக்கிறேன்,
அதற்குள் பெயர் கூப்பிடுகிறார்கள்:
முதலாம் எதிரி, சின்னமாடன் பகடை.

எதிரி.
இந்த நாட்டுச் சட்டத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவருக்கு அப்படித்தான் பெயர்.
யாருக்கு எதிரி என்று
இதுவரை எந்த வழக்கிலும் கேட்கப்படவில்லை.

அறுபது வயதிருக்கும்.
கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் இன்னும் காயவில்லை.
"பகடை என்றால் என்ன?" என்கிறார் நீதவான்,
ஆர்வத்தில்தான், பொல்லாப்பு ஏதுமில்லை.
பெயரை மொழிபெயர்ப்பதில்லை என்பது விதி.
பைக்குள் கிடப்பதற்கும் அதே பெயர் என்று சொல்லலாம்.
உருட்டுகிற கை வேறு, உருளுகிற உடம்பு வேறு என்று சொல்லலாம்.
எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில்
அந்தப் பெயருக்கென்று
ஆணியில் ஒரு தகரக் கோப்பை தொங்கியதைச் சொல்லலாம்.
"குடும்பப் பெயர், ஐயா" என்றேன்.

பந்தயப் பணம் எவ்வளவு?
பணம் இல்லை.
பிறகு எதை வைத்து ஆடினார்கள்?
சார்ஜன்ட் ஒரு தாளை விரிக்கிறார்.
அப்பியாசக் கொப்பியில் கிழித்தது,
பென்சிலில் நாலு கட்டம், கட்டத்துக்கு ஏழு பேர்ச்.
நாலாவது கட்டத்தின் மேல் கீற்றுக் கீற்றாய்
போன நவம்பரில் சரிந்த மண்.

"அந்த நாலாவது யாருக்குன்னுதான்"
மூன்றாம் எதிரி தங்கபாக்கியம் சொல்கிறார்,
"தாயம் போட்டோமுங்க."

தாயம்.
கட்டையில் விழும் ஒன்று. அது விழாமல் காய் இறங்காது.
தாயம். தகப்பன் விட்டுப்போகும் பங்கு.
பங்குக்காகப் பேசாமல் போனவர்கள் தாயாதிகள்.
வடமொழியில் அதன் வேர் 'கொடு' என்கிறார்கள்.
வெள்ளைக்காரனின் டைஸைத் தோண்டினால்
லத்தீனில் 'கொடுக்கப்பட்டது' என்று வருமாம்.
ஒற்றைக் கட்டை அவனுக்கு டை;
அதே ஒலியில்தான் அவன் சாகவும் செய்வான்.

கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் யார்?
எழுவாயைக் காணவில்லை.
எங்கள் கோப்புகளிலும் அப்படித்தான்:
கொண்டுவரப்பட்டனர். நீக்கப்பட்டனர்.
ஏழு பேர்ச் வழங்கப்பட்டது.

பங்கு பிரித்தார்கள் என்று நான் சொன்னால் குற்றமில்லை.
ஒன்று விழ உருட்டினார்கள் என்று சொன்னால் பொய்யில்லை.
இரண்டையும் சொன்னேன்.
"ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார் நீதவான்.

தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு.
கட்டைகள் அரசுடைமை.
அருளாந்தும் சந்தனமும் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள்.
தங்கபாக்கியம் குடையைத் தேடினார்.
சின்னமாடன் மட்டும் கூண்டுக் கம்பியை விடாமல்
என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கட்டையத் திருப்பித் தருவாங்களா தாயி?
இன்னும் ரெண்டு பேரு உருட்டல."

கூண்டிலிருந்து வரும் எந்தச் சொல்லையும்
பெயர்க்காமல் விடக்கூடாது.
நீதவான் பக்கம் திரும்பினேன்.